கடலோரத்துக்குப் பழைய வண்டி: எஞ்சினுக்கு முன் தகட்டைப் பாருங்கள்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சாவியைத் திருகி எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு அது போதும். தூண்டில், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு வாராவாரம் கடற்கரைக்குப் போகிற வண்டிக்குப் போதாது. எஞ்சின் தேய்ந்தால் பிரித்து வேலை பார்த்து, பிஸ்டன் மாற்றி மறுபடி ஓட்டிவிடலாம். அடித்தகடு உளுத்துப்போனால் செலவழிக்கிற பணம் எல்லாம் வீண். கடலோரத்தில் ஒரு வண்டியின் ஆயுளை முடிவு செய்வது உப்புதான். அந்த உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், நல்ல வண்டியைப் பொறுக்கி எடுப்பது எளிது.

முதலில் சாமான், பிறகு வண்டி

வண்டியைத் தேடும் முன் ஏற்றப் போகும் சாமானை அளந்துகொள்ளுங்கள். கரையில் நின்று வீசுகிற தூண்டில் ராடுகள் 12 முதல் 14 அடி வரை இருக்கும். இரண்டாகக் கழற்றினாலும் ஒரு துண்டு 6, 7 அடி வரும். அதாவது, வண்டிக்குள் தடையில்லாமல் 2 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். வளைத்துத் திணித்தால் ராடின் நுனியும் வளையமும் உடையும். 50 லிட்டர் ஐஸ் பெட்டி, ஐஸும் மீனும் நிறைந்தால் 40 கிலோவைத் தாண்டும். ஈயக் குண்டு கோத்த வீச்சு வலை நனைந்தால் அதன் எடையும் கூடும். நாட்டுப்படகு வைத்திருப்பவர் வீட்டுக்குக் கழற்றிக் கொண்டுபோகிற 10 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் 40 கிலோவை ஒட்டி இருக்கும். இத்தனையும் ஈரமாகவும் உப்பாகவும் திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது.

நீளம், எடை, ஈரம். இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்கிற வண்டிகளைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தையில் கிடைப்பவை

தமிழ்நாட்டுப் பழைய வண்டிச் சந்தையில் இந்த வேலைக்கு முதலில் நினைவுக்கு வருவது மாருதி ஆம்னி. 1984இல் வந்தது, 2019இல் உற்பத்தி நின்றது. 796 சி.சி. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் பானெட்டுக்கென்று இடம் போகவில்லை. 3.4 மீட்டருக்கும் குறைவான நீளத்தில் கிட்டத்தட்ட முழுவதும் ஆட்களுக்கும் சாமானுக்கும்தான். இரு பக்கமும் நகரும் கதவுகள் இருப்பதால் குறுகலான மீனவர் தெருவிலும் சாமானை இறக்கலாம். குறைகளும் உண்டு. எஞ்சின் சூடு இருக்கைக்கு ஏறும். மோதல் நேர்ந்தால் முன்னால் இருப்பவரின் காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே பெரிய தடுப்பு எதுவும் இல்லை. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு நான் ஆம்னியைச் சொல்லமாட்டேன்.

அதன் வழியில் 2010இல் வந்தது ஈக்கோ. 3,675 மி.மீ. நீளம். முதலில் வந்தவற்றில் 1,196 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 2022 இறுதியில் எஞ்சின் மாறியது. 5 இருக்கை வகையை எடுத்தால் இரண்டாவது வரிசைக்குப் பின்னால் உள்ள இடம் முழுவதும் சாமானுக்குக் கிடைக்கும். 7 இருக்கை வகையில் அந்த இடத்தை மூன்றாவது வரிசை பிடித்துக்கொள்ளும். பின்னால் எரிவாயு சிலிண்டர் பொருத்திய வண்டி என்றால், ராடு வைத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

மஹிந்திரா பொலேரோவும் டொயோட்டா இன்னோவாவும் அடுத்த படி. பொலேரோவில் பின்னால் எதிரெதிரே இருக்கும் சிறு இருக்கைகளை மடக்கிவிட்டால் நல்ல இடம் கிடைக்கும். பின்பக்கத்துப் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) எடை தாங்கும். 2005இல் வந்த இன்னோவா நீண்ட ஓட்டத்துக்குப் பெயர்பெற்றது. ஆனால் அந்தப் பெயருக்காகவே பழைய வண்டிக்கும் விலை அதிகம். டாக்ஸியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தவையும் அவற்றில் கலந்திருக்கும்.

இந்த நான்குக்கும் பொதுவான நல்ல குணம் ஒன்று உண்டு: தள்ளுவது பின் சக்கரம். பின்னால் எடை ஏற ஏற, தள்ளும் சக்கரம் தரையை நன்றாகப் பிடிக்கும். முன் சக்கரம் இழுக்கும் காரில், பின்னால் சாமான் ஏற்றி மேடான மண்பாதையில் ஏறினால் எடை முன் சக்கரத்திலிருந்து விலகும். சக்கரம் வழுக்கிச் சுழலும்.

அமைப்பில் ஒரு வேறுபாடு உண்டு. பொலேரோவுக்கும் இன்னோவாவுக்கும் அடியில் தனிச் சேஸ் இருக்கிறது. மேல்கூடு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆம்னியிலும் ஈக்கோவிலும் தனிச் சேஸ் கிடையாது. முட்டை ஓட்டைப்போல, கூடே எடையைத் தாங்குகிறது. ஆகவே அவற்றில் அடித்தகடு துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே உளுத்ததாகப் பொருள். கடலோரத்துக்கு ஆம்னியோ ஈக்கோவோ வாங்குகிறவர் இன்னும் கவனமாக இருக்கவேண்டியது இதனால்தான்.

உப்பு எப்படித் தின்கிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வந்து தகட்டில் படிய வைக்கிறது. நனைந்த வலையும் ஒழுகும் ஐஸ் பெட்டியும் அதே வேலையை வண்டிக்குள்ளே செய்கின்றன. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல் இருப்பது சாதாரணம். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த தகடு இரவெல்லாம் நனைந்தே இருக்கிறது.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரும்பின் ஓர் இடம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. வேறோர் இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே உப்புநீர் பாலம். ஆக்சிஜன் எங்கே குறைவோ அங்கேதான் இரும்பு கரையும். சேறு படிந்த மூலை, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்த இணைப்பு, தரைவிரிப்புக்கு அடியில் மறைந்த தரை எல்லாம் அத்தகைய இடங்கள். காற்றுப் படுகிற வெளிப்பக்கம் பளபளவென்று இருக்க, மறைவான பக்கம் ஓட்டையாவது இதனால்தான். உப்பிலுள்ள குளோரைடு இந்த வேலையில் தீர்ந்துபோவதும் இல்லை. கழுவி எடுக்காதவரை அது தின்றுகொண்டே இருக்கும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் எழுவது அதனால். வெளியே சிறு கொப்புளம் தெரிகிறதென்றால் உள்ளே வேலை வெகுநாளாக நடந்திருக்கிறது.

எங்கே பார்ப்பது?

வண்டியைப் பகலில் பாருங்கள். லிஃப்ட்டோ குழியோ உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய் அடியில் டார்ச் அடியுங்கள். சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை நிறுத்திவிடலாம். கதவுக்குக் கீழ் உள்ள படிப்பெட்டி, நகரும் கதவு ஓடும் தண்டவாளம், சக்கர வளைவின் உள்பக்கம், சஸ்பென்ஷன் தகட்டோடு சேரும் இடம், சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். உளுத்தது மொத்தையாக ஒலிக்கும். தரைவிரிப்பைத் தூக்கித் தரையைத் தடவிப் பாருங்கள். அடியில் ஓடும் பிரேக் குழாயை முனைமுதல் முனைவரை பாருங்கள். அது துருவேறி உடைந்தால் பிரேக் முழுதாகப் பிடிக்காது.

அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவின்மேல் பூசிய பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பக்கத் தகடுகளில் வைத்துப் பாருங்கள். பட்டி தடவி மறைத்த இடத்தில் அது ஒட்டாது.

2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் ஏராளமான வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னிக்கு அடியிலும் டாஷ்போர்டுக்குக் கீழும் வண்டல் இருந்தால் வேண்டாம்.

தகடு தேறினால் எஞ்சினுக்கு வாருங்கள். ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால்போல் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். பாட்டரியின் எர்த் கம்பி முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் வண்டி கடற்காற்றில் நின்றிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

நம்பர் பலகை சொல்லும் கதை

வண்டி முதலில் எங்கே பதிவானது என்பதைப் பலகையே சொல்லிவிடும். டி.என். 28 நாமக்கல், 33 ஈரோடு, 47 கரூர். இவை உள்நாட்டு மாவட்டங்கள். 51 நாகப்பட்டினம், 65 ராமநாதபுரம், 69 தூத்துக்குடி, 74 நாகர்கோவில். இவை கடலோரம். விலையும் வயதும் ஒன்றானால் உள்நாட்டு வண்டியை எடுங்கள். பதிவான ஊரிலேயே ஓடியதா என்பதைச் சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்ஷூரன்ஸையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும்; பிறகு ஆய்வு முடித்து 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 14 வயது வண்டியை மலிவு என்று வாங்கும் முன் அந்த ஆய்வில் தேறுமா என்று யோசியுங்கள். வாடகைக்கு மீன் ஏற்றுவதாக இருந்தால் வெள்ளைப் பலகை வண்டி செல்லாது.

வாங்கிய பிறகு

கூரைமேல் கேரியர் போட்டு எடை ஏற்றாதீர்கள். ஈக்கோவின் அகலம் 1,475 மி.மீ., உயரமோ 1.8 மீட்டர். உச்சியில் எடை கூடினால் வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும். கூரையில் ராடு மட்டும் போகட்டும். ஐஸ் பெட்டி இரண்டாவது வரிசையை ஒட்டித் தரையில் இருக்கட்டும், பட்டையால் கட்டி. அதற்கடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வையுங்கள். ஒழுகுவது அதில் தேங்கும்.

ஒவ்வொரு முறை திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோர போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. அதில் கழுவினால் உப்பை மேலும் ஏற்றுகிறோம். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். வண்டியை மணலில் இறக்காதீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் நம் கடற்கரை மணலில்தான் முட்டையிடுகின்றன. சக்கரம் அந்தக் குழிகளை நசுக்கும்.

என் முடிவு இது: குடும்பமும் தூண்டிலும் சேர்ந்து போக, உள்நாட்டு மாவட்டத்தில் ஓடிய, ஒரே கை மாறிய, 10 வயதுக்குள் உள்ள 5 இருக்கை ஈக்கோ பெட்ரோல் வண்டி. எடை அதிகம், பாதை மோசம் என்றால் பொலேரோ. எதுவானாலும் அடியில் படுத்துத் தகட்டைப் பார்த்து, மனம் நிறைந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.