கணினி எதை முதலில் கணிக்கிறது?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எங்களுக்குப் பைதன் என்னும் செய்நிரல் மொழியும் பாடமாகும். அதில் பெருக்கலை * என்று குறிப்போம். 2+3*4 என எழுதினால் 14 என்று விடை வரும். வீட்டிலுள்ள சாதாரண கணிப்பான்கள் பலவற்றில் அதே வரிசையில் அழுத்தினால் 20 வரும். எதுவும் பழுதில்லை. அந்தக் கணிப்பான் அழுத்த அழுத்தவே கணித்துவிடுகிறது. பைதனோ கோவை முழுவதையும் வாசித்து, எந்தக் குறிக்கு முதலிடம் என்று பார்த்த பின்பே கணிக்கிறது.

அப்படி வாசிப்பதற்குரிய வழிகளில் ஒன்றை நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1961இல் விளக்கினார். புகையிரதப் பெட்டிகளைப் பக்கத் தண்டவாளத்தில் நிறுத்தி வரிசை மாற்றுவது போன்றது அது. எண்கள் நேரே செல்லும். குறிகள் பக்கத்தில் காத்திருக்கும்.

மேலுள்ள கோவையில் 2 செல்கிறது, + காத்திருக்கிறது, 3 செல்கிறது. பின்னர் வரும் * வலிமை கூடியது. ஆகவே +ஐ வெளியேற்றாமல் அதன் முன்னால் நின்றுகொள்கிறது. 4உம் சென்றபின் முதலில் *, அடுத்து + வெளியேறுகின்றன. கிடைப்பது 2 3 4 * + என்ற வரிசை. இனி இடமிருந்து வலமாகப் போனால் போதும். ஒவ்வொரு குறியும் தனக்குச் சற்று முன்னுள்ள இரு எண்களை எடுக்கும். 3உம் 4உம் பெருகி 12 ஆகும். அதனுடன் 2 சேர 14.

(2+3)*4 என்றால், அடைப்பு மூடும்போதே + வெளியேறிவிடும். வரிசை 2 3 + 4 * என்றாகி, விடை 20 ஆகும்.

இதை அறிவதால் என்ன பயன்? மூன்று பாடங்களின் சராசரிக்கு 60+70+80/3 என்று ஒருவர் எழுதினால், 80 மட்டுமே மூன்றால் வகுபடும். 70 வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 156.67 வரும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. நூறைத் தாண்டிய சராசரி நம் கண்ணில் பட்டுவிடும். கடைக் கணக்கிலோ மருந்தின் அளவிலோ இப்படி நேர்ந்தால் எளிதில் படாது.

விதிகளும் எங்கும் ஒன்றல்ல. மறை மூன்றின் வர்க்கத்தை அடைப்பின்றிப் பைதனில் -3**2 என எழுதினால் -9 வரும்; எக்செலில் =-3^2 என எழுதினால் 9 வரும்.

எனவே தங்கைமாரே, ஐயம் எழும் இடத்தில் அடைப்பை இடுங்கள். பெற்றோரே, “கொம்பியூட்டர் சொன்ன விடை” என்று பிள்ளை காட்டும்போது, “நீ எவ்வளவு வருமென்று எதிர்பார்த்தாய்?” என்று ஒரு முறை கேளுங்கள்.