கைராசி டாக்டரா... சின்ன டாக்டரா?

திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் இந்தப் பட்டிமன்றம் நடப்பது உண்டு. குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். "நம்ம பெரிய டாக்டர்கிட்டயே போலாங் கண்ணு. உம் புருசனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப அவருதான் பார்த்தாரு. கைராசிக்காரரு" என்பார் மாமியார். மருமகளுக்கோ, பல்லடம் ரோட்டில் புதிதாகப் போர்டு மாட்டியிருக்கும் டாக்டரம்மா மேல்தான் நம்பிக்கை. "அவங்க எல்லாத்தையும் பொறுமையா எடுத்துச் சொல்றாங்கத்தை." காய்ச்சல் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்!

நான் சித்த மருத்துவன். ஐம்பதைத் தாண்டியாச்சு, தலையும் நரைச்சாச்சு. 'வயசான டாக்டர்தான் நல்லவர்' என்று எழுதிவிட்டால் எனக்கு லாபம்தான். ஆனால் என் கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் அப்படி எழுத மனசு வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்தார். நாற்பது சொச்சம் வயது. பாதி நாள் ஒன்றரை ஷிப்ட். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, டீதான். வயிறு எரிகிறது, உடம்பு அசதி என்றார். நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன், கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. இரண்டே நிமிஷத்தில் தீர்மானித்துவிட்டேன்: குன்மம், அதாவது நீங்கள் சொல்கிற அல்சர். கூடவே ரத்தக் குறைவு. குன்மத்துக்கு ஒரு சூரணம், ரத்தத்துக்கு அயச்செந்தூரம் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். "மலம் கறுப்பாப் போகுதுங்க டாக்டர்."

"செந்தூரத்துல இரும்பு இருக்குதும்மா. அப்படித்தான் போகும், பயப்படாதீங்க" என்றேன். அது உண்மையும்கூட. ஆங்கில மருந்துக் கடையில் வாங்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் அப்படித்தான் போகும்.

அப்போது என்னிடம் பயிற்சிக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். ஹவுஸ் சர்ஜன் முடித்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, இப்படிக் கறுப்பாப் போறது மருந்து ஆரம்பிச்ச பிறகா, அதுக்கும் முன்னாடியேவா?"

"முன்னாடியேதானுங் கண்ணு. ஒரு வாரம் இருக்கும். தார் மாதிரி ஒட்டும், நாத்தம் தாங்காது."

"வலி மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களா?"

"நாள் பூரா நின்னே வேலைங்களே... மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கி தினமும் ரெண்டு போடுவனுங்க. நாலு மாசமா."

எனக்குச் சுரீர் என்றது. வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. நானோ ரத்தம் ஊற மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! உடனே ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரத்தம் ஏற்றி, குழாய் விட்டுப் பார்த்துக் காப்பாற்றினார்கள்.

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு இது. பாளையங்கோட்டையில் படித்தபோது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆயிரக்கணக்கான குன்ம நோயாளிகளைப் பார்த்த பழக்கத்தில் ஏழாவதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தப் பெண் அவ்வளவு பேரைப் பார்த்ததில்லை. அதனால் புத்தகத்தில் இருந்தபடி வரிசையாகக் கேட்டார்.

ஆங்கில மருத்துவர்களை வைத்து இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று, 2017-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வந்தது. 40 வயதுக்குட்பட்ட டாக்டர்கள் கவனித்த நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 10.8 சதவீதம். 60-ஐத் தாண்டிய டாக்டர்களிடம் 12.1 சதவீதம். ஆனால் நிறைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவந்த டாக்டர்களிடம் இந்த வித்தியாசமே இல்லை! மறு வருஷம் அதே இதழில் அறுவை சிகிச்சை நிபுணர்களைப் பற்றி ஓர் ஆய்வு. அங்கே கதை திரும்பிவிட்டது: வயதானவர்கள் செய்த ஆபரேஷன்களில் இறப்பு சற்றே குறைவு. ஆகவே கத்தி வைக்க வேண்டிய இடத்தில் வயசைக் கேட்காதீர்கள். "இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்றீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அல்சர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். காரம், கவலை, அமிலம் இவைதான் காரணம் என்று உலகம் பூரா டாக்டர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்கிற டாக்டர், 1979-ல் இரைப்பைத் திசுவில் ஒரு கிருமியைப் பார்த்தார். பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1981-ல் முப்பது வயது இளைஞர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பையில் அழற்சி வரவழைத்துக் காட்டினார் அந்த மனிதர்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. பெரியவர் கண்ணில் பட்டது, சின்னவர் விடாப்பிடியால் ஊருக்குத் தெரிந்தது.

அதற்காகப் பெரிய டாக்டர்களை ஓரம்கட்டிவிடாதீர்கள். அதே பயிற்சிப் பெண், நூல் மில் தொழிலாளி ஒருவருக்கு ஆஸ்துமா என்று எழுதி வைத்திருந்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எந்தக் கிழமையில நெஞ்சு ரொம்ப இறுக்குது?" "திங்கக்கிழமைங்க. லீவு முடிஞ்சு உள்ளே போனதுமே." அது பஞ்சுத் தூசியால் வருகிற பைசினோசிஸ் நோயின் அடையாளம். தூசியிலிருந்து ஆளை விலக்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும். இந்த ஊரில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தால்தான் அந்தக் கேள்வி வாயில் வரும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி வருஷக்கணக்கான நோய்க்கு, குடும்பத்தை அறிந்த டாக்டரை எளிதில் மாற்றாதீர்கள். ஆனால் ஐந்து வருஷமாக ஒரு பரிசோதனையும் இல்லாமல் அதே சீட்டையே எழுதித் தருகிறார் என்றால், அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் இன்னொருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். புது டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டு, ரிப்போர்ட்டுகளோடு போங்கள். எங்கள் சூரணம், செந்தூரம் சாப்பிடுவதையும் மறைக்காதீர்கள். சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். போலிகள் எல்லா வயதிலும் உண்டு.

நெஞ்சுவலி, வாய் கோணுதல், கை கால் இழுத்துக்கொள்ளுதல் என்றால் பெரியவர், சின்னவர் என்ற பேச்சே வேண்டாம். "நம்ம டாக்டர் அஞ்சு மணிக்குத்தான் வருவாரு" என்று காத்திருந்து ஆளைப் பறிகொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 108-க்குப் போன் போடுங்கள். அந்தக் காய்ச்சல் குழந்தைக்கும் விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக் கசிவு, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான், டெங்குவாக இருக்கலாம். இல்லாவிட்டால், இரண்டு பேரில் யார் இதையெல்லாம் கேட்டு விசாரிக்கிறாரோ அவரிடம் காட்டுங்கள்.

அந்தச் செக்கிங் அம்மா இப்போதும் என்னிடம் வருகிறார். வலி மாத்திரையை விட்டாச்சு, டீயும் குறைஞ்சாச்சு. நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்: "மலம் மஞ்சளாத்தானுங்க போகுது, டாக்டர்!"