தண்டவாளம் தாங்குகிறது... தோசைக்கல் உடைகிறது... ஏன்? சேலத்து எஃகும் ஒரு சிட்டிகை கரியும்!

சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனில் ஐந்து நிமிடம் நின்றாலே இரும்பின் பல முகங்களைப் பார்த்துவிடலாம். ரயிலைத் தாங்கும் தண்டவாளம், ஜன்னல் கம்பி, டீக்கடையின் எவர்சில்வர் பாத்திரம், டிபன் கடையின் தோசைக்கல்... எல்லாவற்றிலும் பெரும்பங்கு இரும்புதான். ஆனால், ஒன்று வளைகிறது, ஒன்று தேயாமல் உழைக்கிறது, ஒன்று கைதவறி விழுந்தால் இரண்டாகப் பிளக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் கார்பன். நம் வழக்கில் சொன்னால், கரி!

கிலோவுக்கு எத்தனை கிராம்?

ஒரு கிலோ உலோகத்தில் இருக்கும் கார்பனின் அளவு, தோராயமாக:

* எவர்சில்வர் (304 ரகம்): 0.8 கிராமுக்கு மிகாது
* ஜன்னல் கிரில்: 1 முதல் 2 கிராம்
* டி.எம்.டி கம்பி: அதிகபட்சம் 3 கிராம்
* லாரிப் பட்டை: 5 முதல் 6 கிராம்
* தண்டவாளம்: 6 முதல் 8 கிராம்
* அரம்: 10 கிராமுக்கு மேல்
* வார்ப்பு தோசைக்கல்: 30 கிராமுக்கு மேல்

இரும்பு அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடித்தால் அந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் இரும்பு வளைகிறது. சின்னஞ்சிறு கார்பன் அணுக்கள் இடுக்குகளில் புகுந்துகொண்டு அந்த வழுக்கலைத் தடுக்கின்றன. கரி கூடக் கூட கடினம் கூடும். ஆனால், வளையும் குணம் குறையும். அளவு 2 சதவிகிதத்தைத் தாண்டினால் அது வார்ப்பு இரும்பு. அதில் மிஞ்சிய கார்பன் மெல்லிய செதில்களாக ஒதுங்கிக்கொள்ளும். அடிபட்டால் விரிசல் அந்தச் செதில்கள் வழியாகவே ஓடும். தோசைக்கல் உடைவது இப்படித்தான்.

கொல்லுப்பட்டறைகளில் பழைய லாரிப் பட்டைக்கு மவுசு இருப்பதும் இதனால்தான். அதைச் சிவக்கக் காய்ச்சி சட்டெனக் குளிரவைத்தால், வெளியேற நேரமில்லாமல் கார்பன் உள்ளேயே சிக்கி, அரிவாள் முனை கெட்டிப்படும். பிறகு லேசாகச் சூடுகாட்டி அதன் முறுக்கைத் தணிப்பார்கள். ஜன்னல் கம்பியை எத்தனை முறை தண்ணீரில் முக்கினாலும் அந்தக் கூர்மை நிற்காது. அதில் கரி போதாது.

ஆவாரங்குச்சி செய்த அதிசயம்

சேலத்தை ஒட்டிய கஞ்சமலை, இரும்புத்தாதுக்குப் பெயர்பெற்றது. இந்த வட்டாரத்துக் கொல்லர்கள் கார்பன் என்ற பெயரே தெரியாமல் அதை அளந்து சேர்த்தார்கள். சிறு களிமண் குப்பியில் இரும்புத் துண்டுகளையும் காய்ந்த ஆவாரங்குச்சிகளையும் போட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சை இலைகளை மூடி, வாயை மண்ணால் அடைத்து, உலையில் வைத்துத் துருத்தி ஊதினார்கள். குச்சி கரியாகி, அந்தக் கரி இரும்பில் கலந்து எஃகு பிறந்தது.

உலகம் அதை 'வூட்ஸ்' என்றது. 'உருக்கு', கன்னட 'உக்கு' ஆகியவற்றிலிருந்து வந்த பெயர் இது என்பார்கள். இதில் கார்பன் 1 முதல் 2 சதவிகிதம்வரை. தென்னிந்தியாவிலிருந்து மேற்கு ஆசியாவுக்குப் போன இந்த எஃகில்தான் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் உருவாயின. 1819-ல் மைக்கேல் ஃபாரடேவே இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆனால், இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு வந்து குவிய, அடுப்புக்கரியும் அரிதாக, 19-ம் நூற்றாண்டிலேயே உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கைகளில் இருந்த அறிவும் கூடவே போனது.

அன்று சேர்த்தார்கள்... இன்று எடுக்கிறார்கள்!

அதே கஞ்சமலைப் பக்கம் இப்போது சேலம் உருக்காலை இருக்கிறது. இங்கே வேலை நேரெதிர். உருகிய உலோகத்துக்குள் ஆர்கானும் ஆக்சிஜனும் செலுத்தி, கார்பனை எரித்து வெளியேற்றுகிறார்கள். எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதில் உள்ள குரோமியம். கார்பன் அதிகமிருந்தால், வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும்; அந்த இடத்தில் துரு பிடிக்கும்.

வீட்டுக்கு உதவும் மூன்று விஷயங்கள்

* வார்ப்பு தோசைக்கல் நன்றாகச் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். விரிசல் விடலாம்.
* பட்டறையில் அடித்த அரிவாள்மனையும் கத்தியும் துருப்பிடிக்கும். கழுவியதும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள்.
* வீடு கட்டக் கம்பி வாங்கும்போது 'எஃப்.இ 500 டி' ரகமா என்று பாருங்கள். சாதாரண 500 ரகத்தில் கார்பன் 0.30 சதவிகிதம்வரை இருக்கலாம். 'டி' ரகத்தில் உச்சவரம்பு 0.25. 'டி' ரகம் நன்றாக இழுபடும். நிலநடுக்கத்தில் கம்பி படக்கென முறியாமல் வளைந்து கொடுப்பது, உள்ளே இருப்பவர்கள் வெளியேற நேரம் தரும்.