இரு தடைகளைக் கண்ட நடிகர்

வாளும் துப்பாக்கியும் உடைய வல்லரசொன்று, முகத்தில் அரிதாரம் பூசி மேடையேறும் நடிகன் ஒருவனைக் கண்டு அஞ்சுமா? அஞ்சியதுண்டு என்கிறது தமிழ் நாடக வரலாறு. அவ்வாறு அஞ்சவைத்த பெருமை விசுவநாததாஸ் அவர்களைச் சாரும்.

1886ஆம் ஆண்டு சிவகாசியிற் பிறந்த இவர், பின்னர் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரலே நடிகரின் மூலதனம். அச்செல்வம் இவரிடம் நிரம்ப இருந்தது. தனுஷ்கோடிக்கும் நம் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் தொடங்கிய கப்பற் போக்குவரத்து, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை நடைபெற்றது. தென்னிந்திய நாடகக் குழுக்களும் நாடகப் பாட்டுக்களும் ஈழத்தை எட்டிய காலம் அது. ஆதலின் இவரது கதை நமக்கு அயலார் கதையன்று.

1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. மதுரை பாஸ்கரதாஸ் அக்கொடுமையைப் பாட்டாக்கினார். விசுவநாததாஸ் அதை மேடையில் முழங்கினார். வள்ளி திருமணம் போன்ற புராண நாடகத்தின் ஏட்டில் குற்றம் காண வழியில்லை. ஆனால் காட்சிகளுக்கு இடையே வெள்ளைக் கொக்கைப் பற்றி இவர் பாடும்போது, அக்கொக்கு எந்நாட்டிலிருந்து வந்தது என்பது பாமரருக்கும் விளங்கிற்று, பொலிசாருக்கும் விளங்கிற்று. நாடகங்களைத் தடை செய்ய 1876ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி வைத்திருந்த அரசு வாளாவிருக்குமா? தடையும் கைதும் சிறையும் மாறிமாறி வந்தன. சிறை மீண்டதும் மேடை. மேடையேறியதும் அதே பாட்டு!

அரசு விதித்த தடை இது. மற்றொரு தடையும் இவருக்கு இருந்தது. இவர் முடிதிருத்தும் சமூகத்திற் பிறந்தவர். அக்காரணம் பற்றி இவருடன் இணைந்து நடிக்க மறுத்த நடிகையரும் உண்டு. முருகன் வேடத்திலே கண்டு கைகூப்பிய சமுதாயம், வேடத்தைக் களைந்ததும் குலத்தைக் கேட்டது.

அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டு, கம்யூனிஸ்ட் சார்பினர் என 151 கலைஞர், எழுத்தாளர் முதலியோரின் பெயர்கள் ஒரு சிறு நூலாக வெளியிடப்பட்டன. அதனாற் பலர் தொழிலிழந்தனர். எனினும் தம் கொள்கையைக் கைவிட்டுச் சாட்சியம் அளித்தவர்களுக்கு மீண்டும் தொழில் கிடைத்தது. விசுவநாததாசும் பாட்டை நிறுத்தியிருந்தால் முதல் தடை நீங்கியிருக்கும், அவர் நிறுத்தவில்லை. ஆனால் இரண்டாம் தடைக்கு என் செய்வது? கொள்கையை மாற்றலாம், பிறப்பை மாற்ற முடியுமா? இரண்டனுள் கொடியது எது என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

1940 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்துடன் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் அவர் உயிர் பிரிந்தது.

அவரைச் சிறையிட்ட ஆட்சி 1947இல் அகன்றது. மற்றத் தடையை அகற்றும் பொறுப்பு எந்த அரசுக்கும் உரியதன்று, நமக்கே உரியது. மாணவர்களே, உங்கள் கல்லூரி நாடகத்துக்குப் பாத்திரங்களைப் பகிரும்போது, ஒருவனது குரலையும் உழைப்பையும் மாத்திரம் கேளுங்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேளாதீர்கள். அந்தக் கலைஞருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.