வயதின்மேல் போடும் பழி

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கூலிப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே நான்கு மாதங்களாக ஒன்றும் பதியப்படவில்லை. எழுபது வயதைக் கடந்த பழைய அங்கத்தினர் அவர். “முதுகுவலி, வாரந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறார். வயதாகிவிட்டதல்லவா?” என்றார் காரியதரிசி.

வீட்டுக்குச் சென்றேன். தறியில் பாதி நெய்த சேலை தூசி படிந்து கிடந்தது. பெரியவர் வலியைப்பற்றி இரண்டொரு வார்த்தைகளே சொன்னார். மூன்று மணிக்கே உறக்கம் கலைவதையும் சோறு இறங்காததையும் நெடுநேரம் சொல்லிவிட்டு, “இனி என்னால் யாருக்கு என்ன பிரயோசனம், ஐயா?” என்றார்.

இது முதுமையன்று, மனச்சோர்வு என்னும் நோய். முதியோர் பலர் மனத்துயரை மருத்துவரிடம் சொல்வதில்லை. வலி, களைப்பு, உறக்கமின்மை என்றே சொல்கின்றனர். வரிசை நீண்டிருக்கையில் வலிக்கு மாத்திரை எழுதி அனுப்பவே மருத்துவருக்கு நேரமிருக்கிறது. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆகவே உடன் செல்லும் மகனோ மருமகளோதான் உறக்கத்தையும் பேச்சையும் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். தைராய்டுக் குறைவும் இரத்தசோகையும் இதே தோற்றம் காட்டுவதுண்டு. பரிசோதித்தே அறிய வேண்டும்.

கோவாவின் ஆரம்ப சிகிச்சை நிலையங்களுக்கு வந்த, 60 வயது கடந்து, லேசான அறிகுறிகள் கொண்ட 181 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2019இல் வெளியாயிற்று. மருத்துவரல்லாத ஆலோசகர்கள் அவர்களுள் 91 பேருக்கு, அன்றாடச் சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கவும் உறக்கத்தைச் சீர்செய்யவும் கற்பித்தார்கள். அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றார்கள். ஓராண்டில் நோய் முற்றியவர் இவர்களில் 4 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 90 பேரில் 13 பேர். உதவித்தொகை மனு எழுதிக்கொடுப்பது நம் சங்கங்களுக்குப் புதிய வேலையா என்ன?

விவசாய அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை. “செத்தால் தேவலை” என்று பெரியவர் சொன்னால் விளையாட்டாகக் கொள்ள வேண்டா. பூச்சிமருந்தை அன்றே பூட்டி வையுங்கள். தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசியில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கும்.

நான் கண்ட பெரியவர் பத்தாம் நாளே மருந்தை நிறுத்த முனைந்தார். பலன் தெரியச் சில வாரங்களாகும் என்று மருமகள்தான் தடுத்தாள். இப்போது சங்கத்தில் இளைஞருக்குப் பாவு பிணைக்கக் கற்பிக்கிறார். முதுகுவலி மட்டும் இன்னும் இருக்கிறதாம்.