சினைக்காலமும் வலையும்

கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே தமிழகத்தினுள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளில் தேங்கும் அதன் நீரில் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டையினங்கள் வளர்க்கப்படுகின்றன.

மீன்கள் முட்டையிடும் காலத்தை அறிவிப்பது எது? கடலில் அமாவாசையிலும் முழுநிலவிலும் ஓதம் உயரும். கடல்வாழ் உயிர்கள் பல அந்நாள்களை ஒட்டி முட்டையிடுகின்றன. அணைநீரில் அத்தகைய ஓதம் இல்லை. இக்கெண்டைகளுக்கு நிலவைவிட மழையே நாள்காட்டி. பருவமழையால் ஆறு பெருகும்போது அவை புதுவெள்ளத்தில் எதிரேறி, ஆழமற்ற கரையோரங்களில் முட்டையிடும். தேங்கிய குளத்தில் அவை இயல்பாக முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தி இக்குறையைத் தீர்க்க வழிகண்டார். அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் நாளாகும்.

கூட்டமாய் எதிரேறும் மீனைப் பிடிப்பது எளிது. ஆயினும் ஒரு சினைமீனின் வயிற்றில் இலட்சக்கணக்கான முட்டைகள் உள்ளன. அதனைப் பிடிப்பவர் அடுத்த ஆண்டின் வலையையும் வெறுமையாக்குகிறார். இதனை உணர்ந்தே தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்படுகிறது.

காலம் காத்தால் மட்டும் போதாது. நீரையும் காக்க வேண்டும். கழிவு கலந்து கெலவரப்பள்ளி மதகுகளில் நுரை பொங்கும்போது, குஞ்சுகள் சுவாசிக்கும் உயிர்வளியும் குறைகிறது. வலை வீசும் காலத்தை அறிவது திறமை. வலையைச் சுருட்டும் காலத்தை அறிவதே அறிவு.