எஞ்சின் மாத்துறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் மாத்தணும்னு சொன்னாலே எல்லாரும் கேட்கிறது, "எத்தனை ஹார்ஸ்பவர்?" நான் முதல்ல கேட்கிறது, "எத்தனை கிலோ?"

பிரிட்டனின் எம்ஜிபி-யை எடுத்துக்குவோம். 1962-ல் வந்த கார். 5 லட்சத்துக்கும் மேல தயாரானதால அங்கே இன்னும் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்குது. அதன் 1.8 லிட்டர் எஞ்சினில் பிளாக், ஹெட் ரெண்டுமே வார்ப்பிரும்பு. 1973-ல் கம்பெனியே அதன் ஜிடி மாடலில் ரோவரின் 3.5 லிட்டர் வி8-ஐ வெச்சது. சிலிண்டர் ரெண்டு மடங்கு. ஆனா அலுமினியம்ங்கிறதால எடை கூடலை.

கனமான எஞ்சினை வெச்சா முன்பக்கம் அமுங்கும், வளைவில் வண்டி சொன்னபடி திரும்பாது.

அதனால எடையைப் பார்த்து எஞ்சினைத் தேர்ந்தெடுங்க. ஆனா பட்ஜெட்டை அதிலேயே முடிச்சிடாதீங்க. கூடுற பவரை கியர்பாக்ஸும் ரேடியேட்டரும் தாங்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி, கதவுக்குக் கீழே துருவைச் சரிபண்ணி, பிரேக்கை மாத்துங்க.